அம்மா கூட்டிய மணல்

1

இந்த ஊரில் பனி விழுந்தால் அதைத் தள்ள மெஷின் வைத்திருக்கிறார்கள். மெஷின் இல்லாதவர்கள் அகலமான மண்வாரி வைத்திருக்கிறார்கள். நான் பொடிப் பனியைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டுகிறேன். நம் ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் குறுக்காகப் படுக்கவைத்து ஒன்று கொண்டுவந்துவிடுவேன். விமான நிலையத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்து, இது என்ன ஆயுதம் என்பதுபோல் பார்த்த அதிகாரிக்குத் தரையில் கூட்டியே காட்டினேன். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். என் மகன் அருளுக்குத்தான் இந்தத் துடைப்பத்தைக் கண்டால் ஆகாது. அக்கம்பக்கத்தில் பார்ப்பார்களாம். பார்க்கட்டுமே, நான் என்ன திருடவா செய்கிறேன்.

நான் இங்கே, அமெரிக்காவில், நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அருள் ஒரே பிள்ளை. முக்கால் மணி நேரத் தூரத்தில் தனியாக இருக்கிறான். இந்த ஊருக்கே சோறு போடுகிற கார் கம்பெனியில், விளம்பரப் பிரிவில் வேலை. கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை, அந்தப் பெயருக்கு நானும் ஒரு விளம்பரம் செய்ய வேண்டாம்.

கம்பெனிக்கு இது பெரிய ஆண்டு விழா. அதற்காகத் தங்கள் வரலாற்றைப் பெரிய புத்தகமாகப் போடுகிறார்கள். அதில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு சில மாதங்களுக்கு முன்னால் அருள் வந்தான். "அம்மா, இது உங்க ஊர்தானே? இந்தக் கோயில் பேரை எப்படி எழுதணும், பார்த்துச் சொல்லு" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

கறுப்பு வெள்ளைப் படம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில். அதன் முன்னால், மணலுக்கு நடுவில், அந்தக் காலத்துக் கம்பெனிக் கார் ஒன்று பளபளவென்று நிற்கிறது. அதற்குப் பின்னால் சக்கரத் தடம் இரண்டே கோடுகளாக நீண்டு கிடக்கிறது. ஒரு மனிதக் காலடி கிடையாது. கீழே எழுதியிருந்தார்கள்: இந்தியாவின் கடும் மணலில், யாருடைய உதவியும் இல்லாமல்.

தடத்துக்கு இரண்டு பக்கமும் மணலில் மெல்லிய வளைந்த கீறல்கள் தெரிந்தன. அதைக் காட்டி, "காத்து எவ்வளவு அழகா கோடு போட்டிருக்கு பாரு" என்றான் அருள்.

அது காற்று போட்டதில்லை. என் அம்மா துடைப்பத்தால் கூட்டியது. அம்மாவுக்கு இடக்கைப் பழக்கம். ஊரெல்லாம் ஒரு பக்கம் வளைத்துக் கூட்டினால் அம்மா கூட்டியது எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். எங்கள் வாசலில் தினமும் பார்த்து வளர்ந்த வளைவு எனக்குத் தெரியாதா?

2

இந்தக் கம்பெனிக்கு எங்கள் ஊர்ப்பக்கம் இருந்த பெயரை இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். அது ஐம்பதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் அரிசி மில் வைத்திருந்தவர் வாசலில் ஒன்று நிற்கும். மதுராந்தகம் பக்கம் ஒரு மிராசுதாரிடம் ஒன்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் அது போனால் களை பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கப்பலில் உதிரிகளாக வந்து இறங்கும், இங்கே பூட்டி விற்பார்கள். "அமெரிக்கா வண்டிடா, சேத்துல வுட்டாலும் மெதந்துகினு வரும்" என்று காரையே தொட்டுப் பார்க்காதவர்கள்கூட அடித்துச் சொல்வார்கள். அந்தப் பெயரை யார் பரப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும்.

இங்கே வந்த பிறகு அதே கம்பெனியின் மறுபக்கத்தை வார்டில் பார்த்தேன். கொட்டகையில் பிறந்து உலகத்தையே சக்கரத்தில் ஏற்றிய கம்பெனி என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார்கள். நான் ஊசி போட்டது அந்தக் கொட்டகையில் காது போனவர்களுக்கு, விரல் போனவர்களுக்கு, கார் பூட்டுகிற ஓடும் வரிசையோடு ஓடி ஓடி இடுப்பு தேய்ந்தவர்களுக்கு. அவர்களில் ஒரு கிழவர், தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக வாங்கிய அடியின் தழும்பைக் காட்டிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, "ஆனால் நல்ல கார், நர்ஸ். நாங்கள் செய்தது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை நான் ஏற்கனவே எங்கள் வீட்டில் கேட்டிருந்தேன்.

அந்த ஐம்பதுகளில் நம் அரசாங்கம், உதிரிகளை இறக்கிப் பூட்டினால் போதாது, இங்கேயே செய்யுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள் என்று வெளிநாட்டுக் கம்பெனிகளை நெருக்கிக்கொண்டிருந்தது. கம்பெனி கிளம்புவதற்குத்தான் மூட்டை கட்டியது. போகிற போக்கில் பெயரையாவது நிலைநிறுத்திவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்களோ என்னவோ, படம் எடுக்க மாமல்லபுரம் வந்தார்கள்.

3

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்கு வெளியே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த சேரியில். நிலம் என்று ஒரு சாண் கிடையாது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா தோப்பில் சவுக்கு வெட்டுவார். அம்மா அதே தோப்பில் உதிர்ந்த சருகைக் கூட்டி அள்ளி, அடுப்பெரிக்க வாங்குகிறவர்களுக்குப் போடுவாள். நான் செங்கல்பட்டில் மிஷன் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்து முடித்துவிட்டு, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தேன். கல்யாண வயசு. அன்றைக்குத் தோப்புக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

கார் காலையிலேயே மணலில் இறங்கிவிட்டது. இறங்கியது என்றால் நிஜமாகவே இறங்கியது, அச்சு வரைக்கும். கம்பெனியின் ஏஜென்ட், மெட்ராஸ்காரர், கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஒரு டிரைவர். படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், காமிராவுக்கு மேல் துணியைப் போர்த்திவிட்டுக் குடை நிழலில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் முடுக்க முடுக்கச் சக்கரம் இன்னும் தோண்டிக்கொண்டு போனது. மணலில் முடுக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் மாட்டு வண்டி ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

கடைசியில் ஏஜென்ட் தோப்புக்குள் வந்தார். நைனாவும் கூட வெட்டுகிறவர்களும் போனார்கள். கரையிலிருந்து மீன்காரர்களும் வந்தார்கள். கட்டுமரத்தை மணலில் இழுத்துக் கரையேற்றுகிற ஆட்கள் அவர்கள். பனையோலையை வெட்டிவந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்பி, அச்சில் கயிறு கட்டி, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் இழுத்தார்கள். நைனா பின்னால் நின்று, பம்பருக்கு அடியில் ஒரு சவுக்குக் கழியைக் கொடுத்து நெம்பினார். "நான் சொல்ற வரிக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்று டிரைவரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

ஏஜென்டுக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் என்னய்யா, எடு, எடு" என்று கத்தினார். டிரைவர் மிதித்தான். ஓலையில் சக்கரம் பற்றிக்கொண்டு வண்டி ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. விடுபட்ட கழி திரும்பி வந்து நைனாவின் தொடையில் அடித்தது. பச்சை மரம் முறிகிற சத்தம் கேட்டது. கழி உடைந்துவிட்டது என்று நினைத்தேன். கழி முழுசாகத்தான் கிடந்தது.

நைனா கத்தவில்லை. மணலில் உட்கார்ந்து, "காலு போச்சும்மே" என்று தோப்பிலிருந்து ஓடிவந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

4

அம்மா ஓடிப்போய் ஏஜென்ட் முன்னால் நின்றாள். "சார், வண்டி வெளிய வந்துட்ச்சே. இதுலயே ஏத்திக்கினு செங்கல்பட்டு ஆசுபத்திரிக்குப் போயிடலாம் சார்."

"இரும்மா. படம் எடுக்காம வண்டியை நகர்த்த முடியாது. தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் படுக்கவையுங்கள். படம் எடுத்ததும் நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன்."

நம்பினோம். கோட்டு போட்ட மனிதர், அமெரிக்கா கம்பெனி, ஏன் பொய் சொல்லப் போகிறார்? யார் வீட்டிலிருந்தோ கயிற்றுக் கட்டில் வந்தது. நைனாவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ரோட்டுப் பக்கம் கிளம்பினார்கள்.

அதற்குள் வெள்ளைக்காரர் எழுந்து வந்து மணலைக் காட்டி ஏதோ சொன்னார். மணல் முழுக்கக் காலடி, கயிறு இழுபட்ட தடம், ஓலைச் செத்தை. சக்கரத் தடம் மட்டும் தெரிய வேண்டுமாம், வேறு ஒன்றும் கூடாதாம். ஏஜென்ட் சுற்றிப் பார்த்தார். சருகு கூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்ததால் அம்மா கையில் துடைப்பம் இருந்தது.

"இந்தாம்மா, இதைக் கொஞ்சம் கூட்டிவிடு."

அம்மா அசையவில்லை. "ஆளு போன கையோட கூட்டக் கூடாது சார். அவரு இன்னும் ரோட்டுக்குக்கூடப் போய்ச் சேரல."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பிப் போனால் உடனே துடைப்பத்தை எடுக்க மாட்டோம். பிணம் எடுத்த வீட்டில்தான் ஆள் போன கையோடு கூட்டுவார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இருந்தாலும் இதை மட்டும் எங்கள் சேரியில் ஒருவரும் மீறியதில்லை.

"வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. நீ கூட்டினால்தான் படம். படம் எடுத்தால்தான் வண்டி. உன் புருஷன் அங்கே கிடக்கிறான், யோசித்துக்கொள்" என்றார் ஏஜென்ட்.

நான் துடைப்பத்தை இழுத்தேன். "குடும்மா, நான் கூட்டுறேன்."

"கண்ணாலம் ஆவாத பொண்ணு, நீ தொடாத" என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

குனிந்து கூட்டத் தொடங்கினாள். வாசலைக் கூட்டுகிற மாதிரியே, பின்னால் நகர்ந்து நகர்ந்து, தன் காலடியும் தெரியாமல், இடக்கையால் வளைத்து வளைத்துக் கூட்டினாள். அழுதுகொண்டே கூட்டினாள். அத்தனை பேர் இழுத்த தடமும், நைனா விழுந்து கிடந்த பள்ளமும் அந்தத் துடைப்பத்துக்கு அடியில் போயிற்று. வெள்ளைக்காரர் துணிக்குள் தலையை விட்டார். வேலை முடிந்தது.

நானும் அம்மாவும் ரோட்டைப் பார்த்து ஓடினோம். கட்டிலில் நைனா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பின்னாலேயே கார் வந்தது. நான் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் காட்டினேன். ஹாரன் அடித்தார்கள். ஒதுங்கினேன். ஒதுங்கினால் நிற்பார்கள் என்றுதான் ஒதுங்கினேன். எங்கள்மேல் புழுதியை அடித்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் போய்விட்டார்கள். ஏஜென்ட் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மாட்டு வண்டி தேடிப் பிடித்து, வைக்கோல் பரப்பி, நைனாவைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவர் என் கையை இறுக்கியது இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமலாம். எழுதினவன் கையில் புழு வைக்க.

5

கால் கோணலாகத்தான் கூடியது. நைனா மறுபடி அரிவாள் எடுத்துத் தோப்புக்குள் போகவில்லை. கோழி பார்த்துக்கொள்வார், கயிறு திரிப்பார், வருகிறவர் போகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பார். அம்மாதான் இரண்டு ஆள் வேலை செய்து வீட்டை ஓட்டினாள்.

அடுத்த வருஷம் அந்தப் படம் போட்டுக் கம்பெனி காலண்டர் வந்தது. செங்கல்பட்டு அரிசி மில்லில் மாட்டியிருந்ததை யாரோ நைனாவிடம் சொல்ல, கழியை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறிப்போய்க் கேட்டு வாங்கிவந்து வீட்டில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "இது நான் நெம்பின வண்டி. இன்னா வெயிட்டு தெரியுமா? இன்னா இருந்தாலும் நல்ல வண்டிப்பா." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள், "உன் கால ஒடச்ச வண்டிய இன்னாத்துக்கு நைனா பெருமையா காட்டிக்கினு கீற?" என்று கேட்டே விட்டேன்.

"வண்டி இன்னாமே பண்ணும்?" என்றார்.

அம்மா அந்தக் காலண்டர் பக்கம் தலை திருப்ப மாட்டாள். அவள் கம்பெனியைத் திட்டியதில்லை. ஏஜென்டைத் திட்டியதில்லை. நைனா வலியில் முனகும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாள். "நான் கூட்டுனதுதான். அவரு போன கையோட நான் கூட்டுனதுதான் இப்படி ஆய்ட்ச்சு." நர்ஸ் படித்துவிட்டு வந்த பிறகு, தொடை எலும்பு எப்படி முறிகிறது, ஏன் கோணலாகச் சேருகிறது என்று படம் போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது ஆசுபத்திரி கணக்கு" என்றாள்.

அதன் பிறகு யார் எங்கே கிளம்பினாலும், போய்ச் சேர்ந்த தகவல் வருகிற வரை எங்கள் வீட்டில் துடைப்பம் மூலையில்தான் இருக்கும். நான் அமெரிக்கா கிளம்பியபோது நாள் கணக்கில் வீடு குப்பையாகக் கிடந்ததாம். நான் வந்து சேர்ந்த தந்தி கிடைத்த பிறகுதான் கூட்டினாளாம்.

நைனா போய்ப் பல வருஷம் கழித்து அம்மா போனாள். கடைசிவரை அந்தப் பழியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பழி யாருடையது? எடு எடு என்று கத்தியவனுக்கில்லையா? வாக்குக் கொடுத்துவிட்டு ஹாரன் அடித்தவனுக்கில்லையா? அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி இத்தனை வருஷம் பெயர் வாங்கிய கம்பெனிக்கு அதில் கொஞ்சமும் பங்கில்லையா?

6

இதையெல்லாம் அருளிடம், அவன் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் சொன்னேன். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பாதியில் ஆங்கிலத்துக்கு மாறினேன். "ஆள் போன கையோடு" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். சுகாதாரத்தைப் பற்றி ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடிவில் அவன் கண் கலங்கியிருந்தது. தாத்தாவின் கால் ஏன் அப்படி என்று சின்ன வயதில் ஊருக்குப் போனபோது கேட்டதாகவும், கீழே விழுந்துவிட்டார் என்று நான் சொன்னதாகவும் சொன்னான். சொல்லியிருப்பேன்.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. இழப்பீடு கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. "யாருடைய உதவியும் இல்லாமல்" என்ற வார்த்தைகளை எடுங்கள். மாமல்லபுரத்து ஆட்கள் இழுத்துவிட்டார்கள், ஒருவருக்குக் கால் போனது, அவர் மனைவி கூட்டிய மணல் இது என்று இரண்டு வரி போடுங்கள். அவ்வளவுதான். "எழுதித் தருகிறேன் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான் அருள்.

எனக்குப் பொறுக்காமல் கம்பெனியின் வரலாற்றுப் பிரிவுக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். இந்த ஊரில் மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. நான் எந்த வகை என்று கேட்டாள். பழைய ஊழியரா, ஊழியரின் வாரிசா, கார் வாங்கியவரா, படம் எடுத்தவரா? படத்துக்காக மணலைக் கூட்டியவரின் மகள் என்றேன். அப்படி ஒரு வகை இல்லையாம், "மற்றவை"யில் போட்டுக்கொள்கிறாளாம். சான்று ஏதாவது உண்டா என்றாள். "படத்தில் மணலைப் பாருங்கள், கீறல் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பாருங்கள்" என்றேன். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பதில் வரும் என்றாள்.

பதில் வரவில்லை. நேற்று புத்தகம் வந்தது. அருள்தான் கொண்டுவந்தான். மேசையில் வைத்துவிட்டு, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கோயிலின் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள். யாருடைய உதவியும் இல்லாமல் என்பது அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், கோயில் பெயரைச் சரிபார்த்ததற்காக என் பெயர்.

மறுபடி படத்தைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கார் இருந்தது, கோயில் இருந்தது, சக்கரத் தடம் இருந்தது. மணலில் ஒரு கீறல் இல்லை. வழவழவென்று இருந்தது. என் அம்மாவின் கை அங்கே இல்லை.

"மணல் எங்கேடா?"

"அம்மா, நான் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தேன். நீ சொன்ன மாதிரியே, கூட்டின அடையாளம் படத்திலயே தெரியுதுன்னு எழுதினேன். வக்கீல்கள் பார்த்தாங்க." அவன் குரல் இறங்கியது. "கதையை நிரூபிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அடையாளம் இருந்தா கேள்வி வரும்னு படத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டாங்க."

"யார் பண்ணினது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அருள், யார் பண்ணினது?"

"எங்க பிரிவுதான்" என்றான்.

7

என்னவெல்லாம் சொன்னேனோ. உன் தாத்தாவின் காலை மிதித்துக்கொண்டுதான் நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். உன் பாட்டியிடம் கூட்டச் சொன்னவனுக்கும் உனக்கும் கோட்டு ஒன்றுதான் என்றேன். ராஜினாமா செய் என்றேன். வீட்டுக் கடன் இருக்கிறது, அம்மா என்றான். போ என்றேன். இந்த வாசலை இனி மிதிக்காதே என்றேன். நான் வளர்த்த பிள்ளை, ஷூவைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், சாக்ஸோடு பனியில் இறங்கிப்போய்க் காரில் ஏறினான். ஷூ கையில் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றேன். காலையிலிருந்து பொடிப் பனி விழுந்திருந்தது. படியிலிருந்து அவன் காலடி, அதற்கப்பால் வண்டி ரோட்டில் திரும்பிப்போன சக்கரத் தடம், இரண்டு கோடு. கம்பெனிக் கார். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக, வழவழவென்று கிடந்தது.

துடைப்பம் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அந்தத் தடத்தையும் அந்தக் காலடியையும் ஒன்று விடாமல் கூட்டித் தள்ள வேண்டும் என்று கை பரபரத்தது. அத்தனை ஆத்திரம். அந்தக் கம்பெனிமேல், அவன்மேல், வண்டி இன்னாமே பண்ணும் என்று கேட்ட நைனாமேலும்கூட. குனிந்தும்விட்டேன்.

ரோடெல்லாம் வழுக்கும். அவன் வீடு போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

துடைப்பத்தைக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. போன் அடித்தது. "வந்துட்டேன்" என்று தமிழில் சொன்னான். சரி என்று வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் வாசலைக் கூட்டினேன்.